சிறகு சாய்கிறதா, பிளக்கிறதா, சுழல்கிறதா? ட்ரௌட் பூச்சி கட்டும்போது வரும் கோளாறுகள்

நான் இருப்பது ராமநாதபுரம் மாவட்டத்து மண்டபத்தில். இங்கே உட்கார்ந்துகொண்டு ட்ரௌட் மீனுக்கு இறகுப் பூச்சி, அதாவது தூண்டில் முள்ளில் இறகும் நூலும் சுற்றிச் செய்கிற போலி இரை, கட்டுகிறேன் என்றால், வலை பின்னுகிற பெரியவர்கள் மூக்குக் கண்ணாடியை ஏற்றிவிட்டுக்கொண்டு ஒரு பார்வை பார்ப்பார்கள். நியாயம்தான். ட்ரௌட் குளிர்ந்த ஓடைத் தண்ணீரில் வாழ்கிற மீன். தண்ணீர் 20 டிகிரியைத் தாண்டினாலே அதற்குத் திணறல்தான். பாக் விரிகுடாவில் நாங்கள் கை நனைக்கிற தண்ணீர் அதற்கு வெந்நீர்.

பூச்சி இங்கே, மீன் நீலகிரியில். 1907இல் ஹென்றி சார்லஸ் வில்சன் அவலாஞ்சியில் ட்ரௌட் குஞ்சு பொரிப்பகம் அமைத்தார். அந்த மலை ஓடைகளில் வானவில் ட்ரௌட் நிலைத்ததற்கு அதுதான் அடித்தளம். என் மாமா மகன் ஊட்டியில் வேலை பார்க்கிறார். மீன்வளத் துறையிடம் சீட்டு வாங்கிக்கொண்டு தூண்டில் போடுவார். பூச்சி கட்ட அவருக்குப் பொறுமை கிடையாது. எனக்கு ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் தடைக்காலம், விசைப்படகு கரையில். இப்படித்தான் தொடங்கியது.

பேச்சு வசதிக்கு என் வீட்டுச் சொற்களைச் சொல்லிவிடுகிறேன். ஃப்ளை என்பதை நாங்கள் பூச்சி என்கிறோம். தூண்டில் முள்ளில் நரம்பு கோக்கிற ஓட்டை காது, நேரான பகுதி தண்டு, அப்புறம் வளைவு, முனைக்கும் தண்டுக்கும் நடுவில் உள்ள இடைவெளி வாய். இறகின் நடுவில் ஓடுவது ஈர்க்கு, அதிலிருந்து கிளம்புவது இழை. பத்துப் பதினைந்து இழை சேர்த்து வெட்டி எடுத்தால் கீற்று. முள்ளின் எண் கூடக்கூட முள் சிறுக்கும் என்பது நினைவிருக்கட்டும். கீழே சொல்வதெல்லாம் 10, 12, 14 எண் முள்களை வைத்து.

இன்னொன்று. கோளாறு தெரிகிற இடத்தையே முறைத்துக்கொண்டிருந்தால் விடை கிடைக்காது. வலை கிழிந்து வந்தால் கிழிசலைத் தைப்பதற்கு முன்னால் எந்தப் பாரில் (கடலடிப் பாறையில்) மாட்டியது என்று கேட்போம் இல்லையா, அதே மாதிரி இரண்டு வேலை பின்னால் போய்ப் பாருங்கள். சிறகில் தெரிகிற கோளாறு பெரும்பாலும் சிறகு வைப்பதற்கு முன்பே நடந்து முடிந்திருக்கும்.

சிறகு அந்தப் பக்கம் சாய்ந்து விழுகிறது

எல்லாருக்கும் வருகிற முதல் கோளாறு இது. முள்ளின் உச்சியில் நேராக வைத்த வாத்துக் கீற்று, நூலை இறுக்கியதும் உங்களுக்கு எதிர்ப்பக்கமாக உருண்டு போய்விடும். நூலை நம்மை விட்டு விலகும் திசையில் சுற்றுகிறோம். அது சிறகையும் கூடவே இழுத்துக்கொண்டு போகிறது. குற்றம் நூலின்மேல் இல்லை, இடது கை விரலின்மேல்.

இரண்டு கீற்றையும் சேர்த்து இடது கைப் பெருவிரலும் ஆட்காட்டி விரலும் பிடிக்கின்றன. அந்த விரல் நுனிகள் கீற்றை மட்டும் பிடித்திருந்தால் போதாது, கீழே இருக்கிற முள் தண்டையும் சேர்த்துக் கவ்வியிருக்க வேண்டும். நகத்தின் நுனி வெளுக்கிற அளவுக்குப் பிடி. இப்போது நூலைப் பெருவிரலுக்கும் கீற்றுக்கும் நடுவே மேலே கொண்டுவந்து, தளர்வாக ஒரு வளையம் விட்டு, அந்தப் பக்கம் ஆட்காட்டி விரலுக்கும் கீற்றுக்கும் நடுவே கீழே இறக்குங்கள். இறுக்கம் இன்னும் துளிகூட வரக் கூடாது. இனி பாபினை, அதாவது நூல்கண்டு மாட்டிய கருவியை, நேர்க் கீழாக இழுங்கள். உங்கள் பக்கமும் வேண்டாம், எதிர்ப்பக்கமும் வேண்டாம். வளையம் சுருங்கும்போது இழைகள் பாய் அடுக்கியதுபோல ஒன்றின்மேல் ஒன்றாக உட்காரும். அதே இடத்தில் இன்னும் இரண்டு சுற்று. மூன்றாவது சுற்று முடியும்வரை விரலை எடுத்துப் பார்க்கிற ஆசையை அடக்குங்கள். எனக்கு அது வர ஒரு தடைக்காலம் பிடித்தது.

பிடி சரியாக இருந்தும் சாய்ந்தால் நூலைப் பாருங்கள். ஒவ்வொரு சுற்றுக்கும் நூலில் ஒரு முறுக்கு ஏறுகிறது. உடலைச் சுற்றி முடிப்பதற்குள் தட்டையாக இருந்த 8/0 என்கிற மெல்லிய நூல் கயிறுபோல உருண்டுவிடும். உருண்ட நூல் சிறகை அமுக்காது, உருட்டும். சிறகு வைப்பதற்கு முன் பாபினைத் தொங்கவிட்டு, மேலிருந்து பார்க்கும்போது இடஞ்சுழியாக ஒரு தட்டு தட்டிவிடுங்கள். முறுக்குப் பிரிந்து நூல் மறுபடி நாடாவாகும்.

சாய்ந்துபோன சிறகை விரலால் திருகி நிமிர்த்த முயலாதீர்கள். நிமிர்ந்ததுபோலக் காட்டிவிட்டு முதல் வீச்சிலேயே பழைய இடத்துக்குப் போய்விடும். மூன்று சுற்றையும் பிரித்துவிட்டுப் புதுக் கீற்று எடுங்கள்.

சிறகு இழை இழையாகப் பிளக்கிறது

கட்டும்போதே பிளக்கிறதா, கட்டி முடித்த பிறகா, தண்ணீருக்குப் போய் வந்த பிறகா என்று முதலில் பிரித்துக்கொள்ளுங்கள்.

தண்ணீருக்குப் போய் வந்து பிளந்தால் கவலையே வேண்டாம். மீன் கடித்த சிறகு பிளக்காமல் என்ன செய்யும். மச்சான் சொல்கிற கணக்கில், பிளந்த பூச்சிதான் நன்றாகப் பிடிக்கிறது. விற்பனைக்குக் கட்டுகிறவர்தான் அழகுக்கு அழ வேண்டும்.

கட்டும்போதே பிளந்தால் கீற்றை எங்கிருந்து வெட்டினீர்கள் என்று பாருங்கள். வாத்தின் பறக்கும் இறகில் ஈர்க்குக்கு ஒரு பக்கம் குறுகல், மறு பக்கம் அகலம். குறுகிய பக்கத்து இழை விறைப்பு, அதை எடுக்காதீர்கள். அகலமான பக்கத்திலும் அடிப்பாகம் பஞ்சுபோல இருக்கும், நுனிப்பாகம் முரடு. நடுவில் உள்ள மூன்றில் ஒரு பங்குதான் சிறகுக்கு ஆகும். கீற்றின் அகலம் முள்ளின் வாய் அகலத்தைத் தாண்டினால் எவ்வளவு கைத்திறன் இருந்தாலும் பிளக்கும்.

இழைகளின் ஓரத்தில் கண்ணுக்குத் தெரியாத கொக்கிகள் இருக்கின்றன. பறவை அலகால் கோதுவது அவற்றை மறுபடி மாட்டத்தான். நாமும் அதையே செய்யலாம்: பிளந்த இடத்தை அடியிலிருந்து நுனிக்கு இரு விரலுக்கு நடுவில் மெதுவாக நீவுங்கள், ஒட்டிக்கொள்ளும். இரண்டு மூன்று முறை நீவியும் ஒட்டாவிட்டால் அந்த இறகு காய்ந்துபோனது. கெட்டில் ஆவியில் பத்து வினாடி காட்டுங்கள். வளைந்து நசுங்கிய இறகும் ஆவியில் தன் வடிவத்துக்கு வந்துவிடும்.

கட்டி முடித்த பிறகு பிளந்தால், கடைசிச் சுற்றுகளில் ஏதோ ஒன்று, சிறகைப் பிடித்த அந்த முதல் மூன்று சுற்றுகளுக்கும் பின்னால், அதாவது வளைவுப் பக்கம், வழுக்கிப் போயிருக்கிறது. சிறகைக் கட்டியபின் நூல் காதுப் பக்கம்தான் நகர வேண்டும். ஒரே ஒரு சுற்று பின்னால் போனாலும் இழைகள் விசிறியாக விரிந்துவிடும்.

இரண்டு சிறகும் கத்தரிக்கோல் மாதிரி விலகி நிற்கின்றன

ஜோடி தப்பு. இடச் சிறகிலிருந்து ஒரு கீற்று, வலச் சிறகிலிருந்து ஒரு கீற்று, இரண்டும் ஒரே வரிசை இறகில் ஒரே இடத்திலிருந்து வர வேண்டும். ஒரே இறகிலிருந்து இரண்டு கீற்று வெட்டினால் இரண்டும் ஒரே பக்கம் வளையும். எந்தக் கட்டும் அதைச் சரிசெய்யாது.

ஜோடி சரியாக இருந்தும் விலகினால் முகம் மாற்றி வைத்திருப்பீர்கள். நீரில் அமிழ்கிற பூச்சிக்குக் குழிந்த பக்கங்கள் ஒன்றையொன்று பார்க்க வேண்டும், நுனிகள் கூடும். நீர்மேல் மிதக்கிற பூச்சிக்கு இதற்கு நேர்மாறு, புடைத்த பக்கங்கள் உள்ளே, நுனிகள் விரியும். மிதக்கிற பூச்சிக்கு அந்த விரிவு கோளாறே இல்லை, அதுதான் வேண்டியது.

என்னிடம் இரண்டு பழைய பிஸ்கட் டப்பா இருக்கிறது, ஒன்றில் 'இ', மற்றதில் 'வ'. இறகு வீட்டுக்குள் வரும்போதே பிரித்துவிடுவேன். திருவாடானைப் பக்கம் அறுப்பு முடிந்த வயலில் வாத்து மேய்க்க வருகிறவர்களிடம் இறகுக்குப் பஞ்சமில்லை. "இதுக்குக் காசா?" என்று சிரித்துவிட்டுப் பை நிறையத் தருவார்கள். சக்கரக்கோட்டைக் கண்மாயில், தேர்த்தங்கலில் வலசை வருகிற பறவைகளின் இறகைத் தொடவே வேண்டாம். 1972ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் இறகுக்கும் சேர்த்துத்தான்.

இதில் ஒரு வேடிக்கை உண்டு. உலகம் முழுவதும் பழைய பூச்சிப் பாணிகளில் சிறகோரம் மெழுகுப் பொட்டு வைத்ததுபோல ஓர் இறகு கேட்பார்கள். அது நம் மேற்குத் தொடர்ச்சி மலைச் சாம்பல் காட்டுக்கோழிச் சேவலின் கழுத்து இறகு. நம் காட்டுப் பறவைதான், ஆனால் நாம் தொடக் கூடாது. அந்த இடத்தில் நான் கறுப்புக் கோழி இறகின் நுனியில் வெள்ளை நெயில் பாலிஷ் ஒரு சொட்டு வைக்கிறேன். மீன் இதுவரை புகார் சொல்லவில்லை.

அமிழ்கிற பூச்சியில் சிறகு படுக்காமல் எழுந்து நிற்கிறது

உடலைக் காதுவரை கொண்டுவந்துவிட்டீர்கள். உடல் முடிகிற இடத்தில் ஒரு மேடு, சிறகு அந்த மேட்டின்மேல் ஏறி நிமிர்கிறது. உடலை முன்னாலேயே நிறுத்தி, அங்கிருந்து காதை நோக்கி நூலாலேயே ஒரு சரிவு கட்டுங்கள். சிறகு சரிவில் படுத்துக்கொள்ளும். அதன் நுனி முள்ளின் வளைவோடு முடிந்தால் போதும்.

தலையில் இடமே இல்லை

தலை என்பது காதுக்குப் பின்னால் நூலைக் கட்டி முடிக்கிற இடம். காரணம் மேலே சொன்னதேதான். முதல் சுற்றைக் காதை ஒட்டித் தொடங்காதீர்கள். காதுக்குப் பின்னால் ஒரு காது அளவு வெறும் தண்டு கடைசிவரை தெரிய வேண்டும்.

சேவல் நுனிச் சிறகு தானாகத் திரும்பிக்கொள்கிறது

1922இல் மிச்சிகனில் லெனார்ட் ஹாலடே கட்டிய ஆடம்ஸ் என்ற மிதக்கும் பூச்சிக்குக் கீற்றுச் சிறகு கிடையாது. கறுப்பு வெள்ளை வரி போட்ட சேவல் கழுத்து இறகின் நுனி இரண்டை நிமிர்த்தி வைப்பதுதான் சிறகு. வரிச்சேவல் எங்கள் ஊரில் கிடைக்கும், கறிக்கடையில் சொல்லி வைத்தால் எடுத்து வைப்பார்கள். கட்டும்போது ஒன்று முன்னால் பார்க்கும், இன்னொன்று உங்களைப் பார்க்கும். ஈர்க்கு உருண்டை, அதனால்தான். கட்டப்போகிற இடத்தில் இழைகளை உரித்து எடுக்காமல் கத்தரியால் ஒட்ட வெட்டுங்கள். நிற்கிற கட்டை மயிர்கள் நூலைப் பிடித்துக்கொள்ளும். அப்புறம் அந்த ஈர்க்கைச் சின்னக் குறடால் ஒரு கடி கடித்துத் தட்டையாக்குங்கள். திரும்பாது.

மிதக்க வேண்டியது குப்புற விழுகிறது

ஒரு தட்டில் தண்ணீர் வைத்து, நெஞ்சு உயரத்திலிருந்து பூச்சியைப் போடுங்கள். பத்தில் ஏழு முறை நிமிர்ந்து உட்கார்ந்தால் நல்ல பூச்சி.

மூக்குக் குத்தினால் வால் நீளம் கூடிவிட்டது. வால் பக்கம் அமிழ்ந்தால் வால் குட்டை, அல்லது வால் இழை மெத்து. வால் தண்டின் நீளம் இருக்கட்டும். பக்கவாட்டில் கவிழ்ந்தால் சிறகு உயரம் கூடிவிட்டது. அதுவும் தண்டின் நீளத்தைத் தாண்டக் கூடாது. அப்படியே மூழ்கினால் கழுத்தைச் சுற்றிய சேவல் இறகுதான் காரணம். நாட்டுச்சேவல் கழுத்து இறகில் அடிப்பாகம் முழுக்கப் பஞ்சு, தண்ணீரைக் குடிக்கும். பஞ்சுப் பாகத்தை உரித்துவிட்டு, வெளிச்சத்தில் பார்த்தால் பளபளக்கிற மேல்பாகத்தை மட்டும் சுற்றுங்கள். இழையின் நீளம் முள் வாயின் ஒன்றரை மடங்கு.

உண்மையைச் சொன்னால், செவலை, கீரி என்று எத்தனை நல்ல நாட்டுச்சேவல் வைத்திருந்தாலும் 14ஐவிடச் சிறிய முள்ளில் கட்டுகிற மிதக்கும் பூச்சிக்கு அவற்றின் இழை நீளம்தான். இதற்கென்றே வளர்க்கிற கோழியின் இறகு வெளியில் விலைக்குக் கிடைக்கிறது. என் வழி வேறு: நாட்டுச்சேவலை அமிழ்கிற பூச்சிக்கு வைத்துக்கொள்கிறேன், அங்கே மெத்தென்ற இழைதான் உயிரோடு ஆடும்.

வீசும்போது சுழன்று நரம்பை முறுக்குகிறது

பத்து வீச்சில் தங்கூசி நரம்பு சுருண்டு பாம்பாகிவிட்டது என்று மச்சான் போன் செய்தால் எனக்குத் தெரிந்துவிடும், ஒரு சிறகு அகலம், ஒன்று ஒடுக்கம். இரண்டும் சமமாக இருந்து ஒன்று சற்றே திரும்பியிருந்தாலும் இதே கதை, காத்தாடி மாதிரி சுற்றும். அனுப்புவதற்கு முன்பே கண்டுபிடிக்கலாம். ஒரு முழ நரம்பில் கட்டி மேசை விசிறிக்கு முன்னால் பிடியுங்கள். ஆடினால் பரவாயில்லை, சுழன்றால் ஓரத்தில் போடுங்கள். அகலச் சிறகின் கீழோரத்தில் இரண்டு இழையை வெட்டிப் பார்க்கலாம், சில சமயம் தப்பிக்கும்.

நீள இறகுச் சிறகு வளைவில் சிக்கிக்கொள்கிறது

சின்ன மீன் மாதிரி நீளமாகக் கட்டுகிற பூச்சிகளில் இது. இந்த வகையில் பேர் பெற்றது கிரே கோஸ்ட். அமெரிக்காவின் மெய்ன் மாநிலத்தில் கேரி ஸ்டீவன்ஸ் என்ற பெண்மணி கட்டியது. 1924 ஜூலை 1 அன்று தான் கட்டிய பூச்சியில் 6 பவுண்டு 13 அவுன்ஸ் ட்ரௌட் ஒன்றை அவர் பிடித்தது அந்தக் காலத்தில் பெரிய பேச்சு. சிறகு வளைவைத் தாண்டி அதிகம் நீண்டால் வீச்சில் பின்னால் மடங்கி முள்ளைச் சுற்றிக்கொள்ளும். ஈர்க்கு விறைப்பான இறகாக எடுங்கள், வளைவுக்கு மேல் அரை விரற்கடைக்குள் நிறுத்துங்கள். இதே கட்டை வெள்ளைச் சேவல் இறகில், பெரிய முள்ளில், நெத்திலி மாதிரி கட்டினால் பாம்பன் பக்கம் சின்னப் பாரைமீன் துரத்துகிறது. அது வேறு கதை.

கட்டியதெல்லாம் முள்ளைச் சுற்றி உருள்கிறது

முதல் வருடம் மச்சானுக்கு இரண்டு டஜன் அனுப்பினேன். ஒரு வாரம் கழித்துப் போன். "மாப்ள, உன் பூச்சி மோதிரம் மாதிரி சுத்துது. சிறகு இப்போ முள்ளுக்கு அடியில இருக்கு." அனுப்பியது போக மிச்சம் இருந்த ஒன்றை எடுத்து விரலால் திருகினேன். உடல், சிறகு, தலை எல்லாம் சேர்ந்து வழுக்கிச் சுற்றியது.

நூலை மாற்றினேன், மெழுகை மாற்றினேன், தலைக்கு இரண்டு பூச்சு வார்னிஷ் போட்டேன். அதே கதை. கடைசியில் என் மகள்தான் கேட்டாள், "அப்பா, ஏன் வைஸ் பூரா எண்ணெயா இருக்கு?" (வைஸ் என்பது கட்டும்போது முள்ளைக் கவ்விப் பிடிக்கிற கருவி.) காலையில் தலைக்குத் தேங்காய் எண்ணெய் தேய்த்த கையோடு நேராக மேசைக்கு வந்து உட்காருவது என் வழக்கம். முள் தண்டில் எண்ணெய், நூலில் எண்ணெய். வார்னிஷ் எதைப் பிடிக்கும்? இப்போது பாத்திரம் கழுவுகிற சோப்பால் கையைக் கழுவிவிட்டுத்தான் முள்ளைத் தொடுகிறேன். தண்டு முழுவதும் முதலில் ஒரு நெருக்கமான நூல் படுக்கை, அதன்மேல்தான் மற்றதெல்லாம். வழவழ இரும்பின்மேல் நேராகக் கட்டிய எதுவும் நிற்காது.

கடற்கரைக்கே உரிய தொல்லைகள்

மலையில் இருக்கிறவர்கள் இதைத் தாண்டிப் போகலாம்.

தலையில் போட்ட வார்னிஷ் பால்போல வெளுத்தால் காற்றில் ஈரம் அதிகம். வார்னிஷ் காயும்போது அதன் மேற்பரப்பு குளிர்ந்து காற்றின் ஈரத்தை இழுத்துக்கொள்கிறது. விடியற்காலையிலும் மழை நாளிலும் பூசாதீர்கள். நண்பகல் வெயிலில், மெல்லிசாக, இரண்டு தடவை. வெளுத்ததன்மேல் உலர்ந்த நாளில் இன்னொரு மெல்லிய பூச்சு கொடுத்தால் பெரும்பாலும் தெளிந்துவிடும். புற ஊதா ஒளியில் இறுகுகிற பசை வாங்கினால் விளக்குக்கூட வேண்டாம். மண்டபத்து வெயிலே போதும்.

முள்ளில் துரு. கச்சான் காற்று வீசுகிற மாதத்தில் சன்னல் ஓரம் திறந்து வைத்த பெட்டி ஒரே வாரத்தில் செம்பழுப்பாகிவிட்டது. துருப் பொடி வெள்ளைச் சிறகுக்கும் ஏறும், கழுவினாலும் போகாது. காற்றுப் புகாத டப்பா, உள்ளே மருந்து பாட்டிலில் வருகிற சிலிக்கா பொட்டலம், அல்லது வறுத்து ஆறவைத்த அரிசி ஒரு கைப்பிடி துணியில் முடிந்து. துரு தொட்ட முள்ளைத் தேய்த்துப் பயன்படுத்தலாமா என்று கேட்காதீர்கள். நல்ல மீன் மாட்டுகிற அன்று முறியும்.

இறகு அடியில் மாவு மாதிரி தூள் கொட்டினால் வண்டு விழுந்திருக்கிறது. அந்தப் பையை உடனே தனியே எடுத்து, இன்னொரு பையில் போட்டு இறுக்கி, ஃபிரிட்ஜின் உறைபெட்டியில் இரண்டு வாரம். வெளியே எடுத்து இரண்டு நாள் விட்டு, மறுபடி ஒரு வாரம். முட்டையில் தப்பியது இரண்டாம் முறையில் போகும். புதிதாக வருகிற இறகை வெதுவெதுப்பான சோப்புத் தண்ணீரில் அலசி, நிழலில் உலர்த்தி, அதன் பிறகுதான் 'இ' டப்பாவோ 'வ' டப்பாவோ. உறைபெட்டியில் ஐஸ் தட்டுக்கு அடியில் வாத்து இறகு இருப்பதைப் பற்றி வீட்டில் எழுகிற கேள்விகளுக்கு என்னிடம் வழிமுறை இல்லை.

காது அடைத்துக்கொண்டது

வார்னிஷ் காய்வதற்குள், உரித்துப் போட்ட சேவல் ஈர்க்கு ஒன்றைக் காதுக்குள் விட்டு இழுத்துவிடுங்கள், சுத்தமாகிவிடும். காய்ந்துபோனால் குண்டூசிதான். ஓடைக்கரையில் குளிரில் விரல் விறைத்து நிற்கிற நேரத்தில் அது தெரியவந்தால் வருகிற திட்டு ஊட்டியிலிருந்து மண்டபம்வரை கேட்கும்.